நாலு கதவு ஆஃப்ரோடு வண்டி தினசரி ஓட்டத்துக்குச் சரிப்படுமா?

டெஸ்ட் டிரைவுக்கு வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். கதவு நாலு இருந்தாலும், பின்கதவு வாசலின் அடிப்பக்கம் சக்கர வளைவால் குறுகியிருக்கும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கால் மாட்டும்.

கிளம்புமுன் டயர் காற்றைப் பாருங்கள். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவைவிடக் கூடியிருந்தால் சின்னப் பள்ளமும் தூக்கிப்போடும். குறைந்திருந்தால் மெத்தென்று ஏமாற்றும். இதைச் சரிசெய்யாமல் சஸ்பென்ஷனைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை. பிறகு 20 கி.மீ. வேகத்தில் ஒரு வேகத்தடை, 80-இல் நேர்சாலை. பின்சீட்டில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா? சேற்றுக்கான முரட்டு டயர் என்றால் இரைச்சலோடு, நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும்.

தேவைப்படும்போது மட்டும் 4x4 (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை) போடும் வண்டியை உலர்ந்த தார்ச்சாலையில் 2ஹெச்-இலேயே, அதாவது இரண்டு சக்கரத்துக்கு மட்டும் விசை போகும் நிலையிலேயே ஓட்டுங்கள். முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரென்ஷியல் அதில் கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் அதிக தூரம் உருள வேண்டும். ஆனால் நாலு சக்கரத்துக்கும் விசை போகும் 4ஹெச்-இல் முன், பின் ஷாஃப்ட் இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும். வண்டி இழுத்துப் பிடிக்கும், டயரும் கியர்களும் தேயும்.

ஸ்டெப்னி தொங்கும் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும். அதன் அகலத்தை டேப்பால் அளந்து, பார்க்கிங்கில் பின்னால் அவ்வளவு இடமிருக்கிறதா என்று பாருங்கள்.