காணாமல்போன அம்மாவும் மந்திரம் தெரிந்த பிள்ளைகளும்: சிறார் மாயக்கதை எழுதத் தொடங்குவோருக்கு

8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு மாயக்கதை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் மந்திரத்தில்தான் தொடங்குகிறார்கள். பறக்கும் பாய், பேசும் ஆந்தை, பாதாள நகரம் என்று நோட்டு நிரம்பிவிடும், கதை மட்டும் நகராது. நாம் வேறு பக்கமிருந்து தொடங்கலாம். மந்திரம் தெரிந்த பிள்ளைகள், காணாமல்போன அம்மா அல்லது அப்பா, இவ்வளவுதான் நம் கையில் இருக்கும் சரக்கு. இதில் காணாமல்போனவரைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். அவர் ஏன் போனார் என்பதும் மந்திரத்துக்கு என்ன விதி என்பதும் ஒரே கேள்வியாக இருந்துவிட்டால், மீதிக் கதை தானாக வரத் தொடங்கும்.

பொதுவாகச் சொன்னால் புரியாது என்பதால், ஒரு கதையைக் கூடவே கட்டிக்கொண்டு போகிறேன்.

படி 1: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

நான் எடுத்துக்கொள்வது பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். ஏரியையும் வங்கக்கடலையும் இணைக்கும் முகத்துவாரம் மணல் சேர்ந்து அவ்வப்போது தூர்ந்துபோகும். 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். கோட்டை அழிந்துவிட்டது, ஆனால் அவர்களுடைய 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது, வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகளோடு. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா, அங்கிருந்து ராக்கெட் கிளம்பினால் ஊரே அண்ணாந்து பார்க்கும்.

இவ்வளவும் நிஜம். இன்னும் ஒரு துளி மந்திரம்கூடச் சேர்க்கவில்லை, அதற்குள்ளேயே ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு உள்ளே போய்ப் பார்க்க ஆசை வந்துவிடும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊரை எடுங்கள். பிள்ளைகள் தொடக்கூடிய, ஏறக்கூடிய, ஒளியக்கூடிய பொருள்களாக ஒரு பட்டியல் போடுங்கள். வரலாற்றுத் தகவலைப் பத்தி பத்தியாக எழுத வேண்டாம், அந்த எலும்புக்கூட்டின் விலா எலும்பில் விரல் வைத்து எண்ணும் ஒரு பையனை எழுதினால் போதும்.

ஊரின் வழக்கங்களையும் கவனியுங்கள். பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு பழைய முறை உண்டு. ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களைக் குலுக்கல் போட்டு, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். வலுத்தவன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாமலிருக்க ஏற்பட்ட ஏற்பாடு. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், படி 3-இல் தேவைப்படும்.

படி 2: அம்மா எங்கே? முதலில் உங்களுக்குத் தெரியட்டும்

எழுதிக்கொண்டே போனால் அம்மா எங்கே இருக்கிறாள் என்பது பிடிபட்டுவிடும் என்று நம்பித் தொடங்காதீர்கள். பாதி வழியில் கதை திணறுவதற்கு இதுதான் முதல் காரணம். ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அவள் இப்போது எங்கே இருக்கிறாள்? தானாகப் போனாளா, யாராவது கொண்டுபோனார்களா? போகும்போது பிள்ளைகளிடம் ஏன் சொல்லவில்லை?

மூன்றாவது கேள்வியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும் பிள்ளை உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அதுதான். ‘தீய மந்திரவாதி கடத்திவிட்டான்’ என்று எழுதினால் வேலை சுலபம், ஆனால் அதில் அம்மாவுக்கு எந்தப் பங்கும் இருக்காது. அவள் ஒரு மூட்டையாகிவிடுவாள். அவள் ஒரு முடிவு எடுத்ததால் போக வேண்டி வந்தது என்று வைத்தால், பிள்ளைகளுக்கு அவள்மேல் கோபம் வரும், ஏக்கமும் வரும். இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் கதைக்கு உயிர் வருகிறது.

நம் கதையில்: பெரும்புயல் அடித்த ஓர் இரவு, கடைக்குட்டி முத்து ஏரியில் விழுந்துவிடுகிறான். அவனைக் காப்பாற்ற அம்மா மந்திரத்தைப் பயன்படுத்துகிறாள். ஆனால் அன்றைய இரவு மந்திரம் செய்யும் முறை அவளுடையது இல்லை, வேறொருவருடையது (மந்திரத்துக்கு முறை எப்படி வந்தது என்பது படி 3-இல் வரும்). எடுத்த முறைகளைத் திருப்பித் தரும்வரை அவள் ஏரிக்கு அடியில் உள்ள இன்னொரு பழவேற்காட்டில் வேலை செய்தாக வேண்டும். ஏன் சொல்லாமல் போனாள்? தன்னால்தான் அம்மா போனாள் என்று முத்து வாழ்நாள் முழுக்க நினைத்துவிடக் கூடாது என்று.

இந்தத் தாளை வாசகர் பார்க்கப்போவதில்லை. மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம் கதையைப் படிக்கும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையிலேயே அப்பா இல்லை, அல்லது அம்மா வளைகுடாவில் வேலை செய்கிறாள், அல்லது இருவரும் பிரிந்துவிட்டார்கள். அவர்களுக்கு இது வெறும் சாகசம் இல்லை. ‘நீ நல்ல பிள்ளையாக இருந்தால் அம்மா வருவாள்’ என்ற செய்தி கதையின் எந்த மூலையிலும் ஒளிந்திருக்கக் கூடாது. வராத அம்மாக்களின் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத் தங்கள்மேல் பழி போட்டுக்கொள்வார்கள்.

படி 3: மந்திரத்துக்கு ஒரு விதி, ஒரு விலை

மந்திரத்தால் எதையும் செய்யலாம் என்றால், முத்துவின் அக்கா செல்வி முதல் அத்தியாயத்திலேயே கையை அசைத்து அம்மாவை அழைத்து வந்துவிடலாம். அப்புறம் எழுத என்ன இருக்கிறது? எனவே மந்திரம் என்னவெல்லாம் செய்யும் என்ற பட்டியலைவிட, என்ன செய்யாது என்ற பட்டியல் முக்கியம்.

இப்போது பாடு முறையை உள்ளே கொண்டுவருவோம். நம் ஊரில் மந்திரமும் ஒரு பொதுச்சொத்து. வருடத்துக்கு ஒருமுறை குலுக்கல் நடக்கும். யாருக்கு எந்த இரவு என்று விழுகிறதோ, அந்த இரவில், கடல்நீர் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் ஏறும் நேரத்தில் மட்டும், அவர் மந்திரம் செய்யலாம். முறை இல்லாத இரவில் செய்தால், அது வேறொருவருடைய முறையிலிருந்து கழியும். முகத்துவாரம் தூர்ந்துபோனால் ஊரில் யாருக்கும் மந்திரம் கிடையாது.

இந்த விதியிலிருந்து என்னவெல்லாம் கிளம்புகிறது பாருங்கள். பிள்ளைகளுக்கு மொத்தமே சில இரவுகள்தான், ஒன்றை வீணாக்கினால் வயிறு பகீர் என்கிறது. யாருடைய முறையை அம்மா எடுத்தாளோ, அந்தக் குடும்பம் இழந்தது என்ன என்ற கேள்வி எழுகிறது. மணல் மூடிக்கொண்டே வரும் முகத்துவாரம் கதைக்குக் கெடு வைக்கிறது. வில்லன் என்று தனியாக ஒருவரைத் தேட வேண்டியதே இல்லை. முறையை இழந்த வீட்டுப் பெண்ணையே, நஸ்ரின் என்று வைத்துக்கொள்வோம், செல்வியின் வகுப்பில் உட்கார வைக்கலாம். அவள் கோபம் நியாயமானது. அவள் தோழியாக மாறும் இடம்தான் இந்தக் கதையின் நடுத்தூண்.

உங்கள் விதியை எழுதியதும் ஒரு சோதனை செய்யுங்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் மூன்று வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். ‘அப்போ இப்படிச் செஞ்சா தப்பிக்கலாமே?’ என்று கேட்டுக் கட்டாயம் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கும். அதை அடையுங்கள், இல்லையென்றால் அந்த ஓட்டையையே கதையாக்குங்கள்.

படி 4: ஒரே அம்மா, மூன்று நினைவு

கதையில் இல்லாத ஒருவரை வாசகர் நேசிக்க வேண்டும். ‘அம்மா மிகவும் அன்பானவள்’ என்று எழுதினால் அது நடக்காது. ஒவ்வொரு பிள்ளையும் வேறு அம்மாவை நினைவில் வைத்திருக்கட்டும். பன்னிரண்டு வயது செல்விக்கு, சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் படுத்த கடைசி இரவு. ஒன்பது வயது முத்துவுக்கு முகம் கொஞ்சம் மங்கிவிட்டது. நண்டு பிரிக்கும்போது அவள் முணுமுணுக்கும் பாட்டு மட்டும் இருக்கிறது, அதிலும் நடுவில் ஒரு வரி மறந்துவிட்டது. ஆயாவுக்கோ, அதாவது பாட்டிக்கோ, அவள் இன்னும் சொன்ன பேச்சு கேட்காத சின்னப் பெண்.

மூன்று நினைவும் ஒன்றோடொன்று முரண்படலாம். முரண்பட்டால்தான் நல்லது, ஏனென்றால் பிள்ளைகள் அம்மாவைத் தேடிப் போகும் வழியில் அவள் யார் என்பதையும் தேட வேண்டியிருக்கும். முத்து மறந்த அந்த ஒரு வரி பின்னால் மந்திரச் சாவியாகவும் பயன்படும்.

படி 5: பெரியவர்களை எங்கே நிறுத்துவது

பிள்ளைகளே பிரச்சினையைத் தீர்க்க வேண்டும் என்பது இந்த வகைக் கதையின் அடிப்படை. அதற்காகப் பெரியவர்களை முட்டாள்களாகக் காட்டத் தேவையில்லை. ஊரின் நாள்காட்டியே உதவும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையில் ஆள்நடமாட்டம் அதிகம், பிள்ளைகள் ஒளிந்து எதுவும் செய்ய முடியாது. ராக்கெட் ஏவும் நாளில் பாதுகாப்புக்காகக் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும், ஊர் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று பிள்ளைகள் ஏரிக்குள் இறங்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஒரு பெரியவராவது நம்பிக்கைக்குரியவராக இருக்கட்டும். ஆயாவுக்கு உண்மை தெரியும், சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள்.

படி 6: தடயங்கள்

நான்கு அல்லது ஐந்து போதும். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வழிகாட்ட வேண்டும், ஒன்றாவது பிள்ளைகளைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். ஓலைச்சுவடி, ரகசிய வரைபடம் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நம்மிடம் இருக்கும் விடுகதையைப் பிடியுங்கள். பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பாமல் நின்று விடை தேடுவார்கள்.

‘ஒத்தக் கால் சாமியாரு, பொறந்தப்ப சாம்பலு, தின்னதால செவப்பு.’

விடை பூநாரை. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். தின்னும் பாசியிலும் சிறு இறால்களிலும் உள்ள நிறமிகளால்தான் பிறகு சிவக்கிறது. இந்த உண்மை தெரிந்த பிள்ளைக்கு விடை கிடைக்கும், தெரியாத பிள்ளைக்குக் கதைக்குள்ளேயே நஸ்ரின் சொல்வாள். கூட்டத்தில் சிவக்காமல் வெளுத்தே நிற்கும் ஒரு வயதான பூநாரை இருந்தால், அது ஏரியில் எதையுமே தின்னவில்லை என்று பொருள். அப்படியானால் அது இந்த ஏரியின் பறவையே இல்லை. அடுத்த தடயம் கிடைத்துவிட்டது.

படி 7: முதல் அத்தியாயம், பேச்சு நடை

அம்மா போன நாளில் தொடங்க வேண்டாம், போய்க் கொஞ்ச நாள் ஆன பிறகு தொடங்குங்கள். கதை இப்படி ஆரம்பிக்கலாம்:

ஆயா நான்கு தட்டு எடுத்தாள். ஒன்றைத் திரும்ப அடுக்கில் செருகினாள். செல்வி பார்க்காத மாதிரி இருந்தாள்.

“ஆயா, இன்னிக்கு யாரு முறை?” என்றான் முத்து.

“சாப்பிடுறா முதல்ல.”

“நம்ம முறைதானே? நான் எண்ணிட்டேதான் இருக்கேன்.”

ஆயாவின் கை நின்றது.

அம்மா இல்லை என்று எங்கும் எழுதவில்லை, ஆனால் தட்டு சொல்லிவிட்டது. ‘முறை’ என்றால் என்ன என்று விளக்கவும் இல்லை, தெரிந்துகொள்ள அடுத்த பக்கம் போகத்தான் வேண்டும். கதை சொல்லும் நடை எளிய எழுத்துத் தமிழ், உரையாடல் அந்த ஊர்ப் பேச்சு. இந்தப் பிரிவைக் கடைசிவரை காப்பாற்றுங்கள். பாடப்புத்தகத் தமிழில் பேசும் பிள்ளையை எந்தப் பிள்ளையும் நம்பாது. அத்தியாயம் ஒன்றுக்கு ஆயிரம் சொற்கள், மொத்தம் இருபதாயிரம் சொற்கள் என்பது முதல் கதைக்கு வசதியான அளவு.

படி 8: முடிவு

மந்திரம் அம்மாவை மீட்கக் கூடாது. பிள்ளைகள் எடுக்கும் முடிவு மீட்க வேண்டும். நம் கதையில் கடனை அடைக்க ஒரே வழி, செல்வியும் முத்துவும் தங்கள் முறைகளை நஸ்ரின் வீட்டுக்கு எழுதிக்கொடுப்பது. கொடுத்தால் அவர்களுக்கு இனி மந்திரம் இல்லை. முத்து உடனே சரி என்பான், செல்வி முடிவெடுக்க ஒரு இரவு ஆகும். அந்த இரவுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள். அம்மா திரும்பி வந்த பிறகும் எல்லாம் பழையபடி ஆகிவிடாது. செல்வி அவளிடம் ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்கத்தான் வேண்டும், அவள் பதில் சொல்லத்தான் வேண்டும். அந்த உரையாடலைத் தவிர்க்காதீர்கள்.

படி 9: சத்தமாக வாசியுங்கள்

எழுதி முடித்ததும் பெரியவர்களிடம் கருத்துக் கேட்பதற்கு முன், நான்கைந்து பிள்ளைகளை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் நெளியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, ‘அப்புறம்?’ என்று கேட்கும் இடத்தில் ஒரு புள்ளி. கோடு விழுந்த பத்திகளைப் பாதியாகக் குறையுங்கள். மூன்றாவது அத்தியாயம் முடிந்ததும் நிறுத்தி, அம்மா எங்கே இருக்கிறாள் என்று கேளுங்கள். எல்லோரும் சரியாகச் சொன்னால் பூநாரைத் தடயத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஒருவருக்கும் ஊகிக்கவே முடியவில்லை என்றால், ஆயாவை இன்னும் கொஞ்சம் பேசவிடுங்கள்.