பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து உலோகமாக விற்பது

பழைய சிசிடிவி டிவிஆர், கழித்துக் கட்டிய கல்லூரி லேப் கம்ப்யூட்டர் என்று சேலத்துப் பழைய இரும்புக்கடைகளுக்கு வரும் ஹார்ட் டிஸ்க்கை முழுசாகத் தராசில் வைத்தால் இரும்பை ஒட்டிய விலைதான் கிடைக்கும். உள்ளே இருப்பதோ பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம். 3.5 அங்குல டெஸ்க்டாப் டிஸ்க் ஒன்று 400 முதல் 700 கிராம் வரை வரும். பிரிக்கிற கூலி கட்டும். லேப்டாப் டிஸ்க் 100 கிராம்தான். அதில் மின்சுற்று போர்டை மட்டும் கழற்றிக்கொண்டு மிச்சத்தை அப்படியே போடுவதே மேல்.

டிஸ்க்கின் திருகுகளுக்கு ஆறுமுனை நட்சத்திர வடிவத் தலை. அதற்கான திருப்புளியைக் கடையில் ‘ஸ்டார்’ என்று கேட்டால் கூட்டல் குறித் திருப்புளியைத்தான் எடுத்துத் தருவார்கள். டார்க்ஸ் டி6, டி8, டி9, டி10 என்று எண் சொல்லிக் கேளுங்கள். டி8தான் அதிகம் தேயும், இரண்டாக வாங்குங்கள். இவற்றோடு தட்டைத் திருப்புளி, இரண்டு குறடு, சுத்தியல், கட்டர் கத்தி, தடித்த கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போதும்.

முதலில் பின்பக்கத்துப் பச்சை போர்டு. டி6 அல்லது டி8 திருகுகள்தான், கழற்றி உடையாமல் தனியே வையுங்கள். அடுத்தது மூடி. ஓரத்தில் ஆறேழு திருகு தெரியும். எல்லாம் கழன்றும் மூடி நடுவில் பிடித்துக்கொண்டிருந்தால் நெம்பாதீர்கள். லேபிளைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவினால் ஓரிடம் குழியும். அங்கே கிழித்தால் மறைந்திருக்கும் திருகு வரும். தலை வழுக்கிப்போன திருகோடு மல்லுக்கட்ட வேண்டாம், 4 மி.மீ. டிரில்லால் தலையைத் துளைத்துவிட்டால் மூடி வந்துவிடும். ஹீலியம் நிரப்பிய பெரிய கொள்ளளவு டிஸ்க்குகளில் மூடியை லேசரில் பற்றவைத்திருப்பார்கள். அதற்கு உளியோ கிரைண்டரோ வேண்டும். ஹீலியத்தால் ஆபத்து இல்லை.

மூடியைத் திறந்ததும் மூலையில் தெரிகிற பிறை வடிவ எஃகுத் தகடுகளுக்கு நடுவே நியோடிமியம் காந்தம். விரல் நசுங்குவது இங்கேதான். மேல் தகட்டை நேராகத் தூக்கப் பார்த்தால் பாதியில் கை நழுவி மறுபடி அறையும். தட்டைத் திருப்புளியை ஒரு மூலையில் செருகி, கொஞ்சம் தூக்கி, பக்கவாட்டில் தள்ளி எடுங்கள். தகட்டிலிருந்து காந்தத்தைப் பிரிக்க, தகட்டின் இரு முனையையும் இரண்டு குறடால் பிடித்து, காந்தம் வெளிப்பக்கம் இருக்கும்படி வளையுங்கள். பசை விட்டு, காந்தம் ஒரு முனையில் கிளம்பும். சுத்தியலால் தட்டினால் பீங்கான்போலச் சிதறும், தூள் தீப்பொறி விடும். நிக்கல் பூச்சு பெயர்ந்த காந்தம் ஏற்காட்டு ஈரக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து உதிரும். காய்ந்த டப்பாவில், நடுவே அட்டை வைத்து அடுக்குங்கள். 80 டிகிரிக்கு மேல் சூடானால் சாதாரண ரகக் காந்தத்தின் பலம் குறையும். பேஸ்மேக்கர் வைத்தவர் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வர வேண்டாம்.

காந்தத்துக்கு இடையில் இருந்த, தட்டுகள் மேல் நகரும் ‘கை’யின் நுனியில் செம்புச் சுருள் உண்டு. கத்தியால் வெட்டி எடுங்கள், எரிக்காதீர்கள்.

தகவல் பதியும் வட்டத் தட்டுகளின் மேல் வளையத்துத் திருகைக் கழற்றும்போது தட்டும் கூடவே சுழலும். துணி சுற்றி இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். 3.5 அங்குலத்தில் பெரும்பாலும் அலுமினியம், லேப்டாப் டிஸ்க்கில் பெரும்பாலும் கண்ணாடி. சந்தேகம் இருந்தால் விளிம்பில் அரம் போட்டுப் பாருங்கள்: அலுமினியம் பளிச்சென்று சுரண்டும், கண்ணாடியில் அரம் வழுக்கும். தகவல் யார் கையிலும் சிக்கக் கூடாதென்றால் அலுமினியத் தட்டைப் பல இடத்தில் மடக்குங்கள். கண்ணாடித் தட்டைச் சாக்குக்குள் போட்டு உடையுங்கள்.

விலை கெடுவது மோட்டாரில். அதன் எஃகு, டிஸ்க்கின் வார்ப்பு அலுமினிய அடிப்பாகத்தில் ஒட்டியிருந்தால் கடைக்காரர் ‘இரும்பு கலந்தது’ என்று கழித்துவிடுவார். பழைய மாடல்களில் திருகு கழற்றினால் வரும். அழுத்திப் பொருத்தியதென்றால் அடிப்பாகத்தை இரு கட்டைகள் மேல் வைத்து, பின்னாலிருந்து ஓங்கி அடித்து வெளியே தள்ளுங்கள். அதிலுள்ள செம்பு கொஞ்சம்தான், உரிக்கிற நேரத்துக்குக் கட்டாது; மோட்டாராகவே சேர்த்து வையுங்கள்.

மூடியைக் காந்தத்தால் சோதியுங்கள். ஒட்டினால் எஃகுக் குவியலுக்கு. ஒட்டாததெல்லாம் அலுமினியம் ஆகிவிடாது, எவர்சில்வராகவும் இருக்கும். எவர்சில்வர் தயாரிக்கும் உருக்காலை இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. கையில் எடுத்தாலே கனம் காட்டிக்கொடுக்கும்.

வார்ப்பு அலுமினியத்துக்கு எப்போதும் ஆள் உண்டு. ஏற்காட்டு பாக்சைட்டை மேட்டூருக்கு இறக்கி அலுமினியம் எடுத்த காலம் இருந்தது. தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும், பழையதை உருக்கிவிடலாம். வார்ப்பையும் தட்டையும் மட்டும் கலக்காதீர்கள், உலோகக் கலவை வேறு.

கடைசியாகப் போர்டு. வெள்ளிப் பட்டறை வேலை தெரிந்தவர்களுக்கு இதில் தங்கம் இருக்கிறது என்றதும் கை துறுதுறுக்கும். ஒரு போர்டில் இருப்பது மில்லிகிராம் கணக்கு. அதற்காக வீட்டுப் பின்கட்டில் அமிலம் ஊற்றினால் புகை நுரையீரலுக்கு, கழிவு திருமணிமுத்தாற்றுக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே போர்டு போகவேண்டும். மூட்டையாகச் சேர்ந்த பிறகு கொடுத்தால், கிலோ கணக்கில் பேசி விலை கேட்கலாம்.