ஏற்காட்டு வீட்டுக்குத் திருட்டு அலாரம் போட்ட கதை

சேலத்தில் குடியிருந்துகொண்டு மலையில் ஒரு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்காக இது. எனக்கு நாகலூர்ப் பக்கம் ஓட்டு வீடு ஒன்றும் கொஞ்சம் காபிச் செடியும் இருக்கின்றன. மாதத்துக்கு இரண்டு முறை போனாலே அதிகம்.

முதலில் கடைக்குப் போகாதீர்கள். வீட்டைச் சுற்றி வந்து, ஆள் நுழையக்கூடிய இடங்களை ஒரு தாளில் குறியுங்கள். கதவு, ஜன்னல், சமையற்கட்டுப் பின்வாசல். ஓட்டு வீடென்றால் கூரையையும் சேருங்கள்.

கதவுகளுக்குக் காந்த சென்சார் போதும். விலையும் குறைவு. நிலையில் ஒரு துண்டு, கதவில் ஒரு துண்டு. இரண்டும் விலகினால் சைரன். ஆனால் ஓட்டைப் பிரித்து இறங்குகிறவன் கதவைத் தொடவே மாட்டான். அதனால் ஹாலுக்கு, ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் பி.ஐ.ஆர். சென்சார் ஒன்று வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது இதில்தான். வாங்கிய முதல் மாதம், ராத்திரி இரண்டு மணிக்கு அலாரத்திலிருந்து போன். மூடுபனியில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். பூட்டு அப்படியே இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால், சென்சாரின் வெள்ளை மூடிமேல் மிளகளவு எட்டுக்கால் பூச்சி ஒன்று சாவகாசமாக நடந்துகொண்டிருக்கிறது! நகரும் சூட்டைத்தான் இது பார்க்கிறது. மூடிமேல் ஊர்ந்தால் பூச்சியும் ஆள்தான். அதன்பின் ஒயர் நுழையும் ஓட்டையை சிலிக்கான் வைத்து அடைத்தேன். போகும்போதெல்லாம் ஒட்டடை அடிக்கிறேன்.

மூலையில், ஏழடி உயரத்தில் மாட்டுங்கள். நேரே அதை நோக்கி வருகிறவரைவிடக் குறுக்கே கடப்பவரைத்தான் இது சட்டென்று பிடிக்கும். ஜன்னலைப் பார்த்து வைக்காதீர்கள், வெயில் படும். வராந்தாவில் வைக்கவே வேண்டாம். குரங்கும் காட்டெருமையும் உங்களைத் தூங்க விடாது.

சென்சார்கள் சேரும் அலாரப் பெட்டியில் பேட்டரி இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். மலையில் மழை வலுத்தால் கரண்ட் போய்விடும். என்னுடையதில் 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) பேட்டரி.

அடுத்து சிம். பெட்டி நமக்குப் போன் அடிப்பது இதன் வழியாகத்தான். மலிவான பெட்டிகள் பல 2ஜியில்தான் பேசும். 2ஜி தராத கம்பெனியின் சிம்மைப் போட்டால் ஊமையாகக் கிடக்கும். வாங்கும்போதே கேளுங்கள். வீட்டுக்குள் எந்த சிம்முக்கு டவர் கிடைக்கிறது என்று உங்கள் போனில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அழைக்கும் வரிசையில் முதல் எண் உங்களுடையதாக இருக்க வேண்டாம். நீங்கள் மலையேறிச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும். நான் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் எண்ணை முதலில் வைத்தேன். அவரிடம், “தனியா உள்ள போயிடாதீங்கண்ணா, வெளிச்சம் போட்டுட்டு 112-க்கு அடிங்க” என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கேமரா? அதையும் போடலாம், ஆனால் பணம் மிஞ்சினால்.

சேர்த்தது: “ஆறு மாசமா சத்தமே இல்ல, நல்ல அலாரம்” என்று ஒருவர் எழுதியிருந்தார். சந்தேகப்பட்டுச் சோதிக்கச் சொன்னேன். சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது. நான் இப்போது வருடத்துக்கு ஒரே பிளானாகப் போட்டுவிடுகிறேன். போகும்போதெல்லாம் கதவைத் திறந்து அண்ணனுக்கு மணி அடிக்கிறதா என்றும் பார்க்கிறேன்.