கடற்கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்குத் தயார் செய்வது எப்படி?

கடற்கரையில் பொறுக்கிய மூட்டைகள் பல நேரம் குப்பைக் கிடங்கிலேயே போய் முடிகின்றன. காரணம் உப்பும் மணலும். மணல் ஒட்டிய பிளாஸ்டிக் அரவை இயந்திரத்தின் பிளேடைத் தேய்த்துவிடும், யார் வாங்குவார்கள்? இதை வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம்.

1. பொறுக்குவது

தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் போங்கள். அலை ஏறி நின்ற கோட்டில்தான் பாசியோடு பிளாஸ்டிக்கும் ஒதுங்கியிருக்கும். கையுறை, சாக்கு, கத்தி போதும். ஊசி, மருந்துக் குப்பிகளைத் தொட வேண்டாம்.

கரையில் கிடக்கும் வலையெல்லாம் குப்பை இல்லை. காயப்போட்ட வலையாக இருக்கலாம், பக்கத்தில் இருக்கும் மீனவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். புதைந்த வலையைப் பிடித்து இழுக்காமல், வெளியே தெரியும் பகுதியை மட்டும் அறுத்தெடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம், மணலைத் தோண்டவே கூடாது. வலையில் ஆமை சிக்கியிருந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

2. கழுவுவது

முதலில் காய்ந்த நிலையிலேயே நன்றாக உதறுங்கள், பாதி மணல் அப்போதே போய்விடும். அப்புறம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசுங்கள். அலசிய தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். துணியில் தங்கும் பிளாஸ்டிக் துணுக்குகளைப் பார்த்தால், அலசிய தண்ணீரை ஏன் அப்படியே சாக்கடையில் ஊற்றக்கூடாது என்பது புரியும்.

3. மிதக்கிறதா, மூழ்குகிறதா?

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியிலும் உடலிலும் ஒவ்வொரு துண்டு வெட்டுங்கள். காற்றுக்குமிழி போகும்படி தண்ணீருக்குள் அழுத்திவிட்டு விடுங்கள். மூடி மேலே வரும், பாட்டில் துண்டு அடியில் தங்கும். இரண்டும் வெவ்வேறு பிளாஸ்டிக்.

வலைக்கும் இதே சோதனைதான். கண்ணாடி மாதிரித் தெரியும் நைலான் நரம்பு வலை மூழ்கும். இழுவை வலைக்குப் பயன்படும் பாலித்தீன் இழை மிதக்கும். பாலித்தீன் சுமார் 130 டிகிரியிலேயே உருகிவிடும், நைலானுக்கு 220 வரை வேண்டும். இரண்டையும் கலந்து கொடுத்தால் எதுவுமே உருப்படியாக வராது.

4. கொடுப்பது

நிழலில் காயவைத்து, வகைவாரியாகக் கட்டுங்கள். பாட்டிலையும் மூடியையும் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள். வலையை வாங்குவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலில் நைந்துபோன பைகளுக்குக் கடையில் விலை கிடைக்காது. அவற்றைச் சாலை போடப் பயன்படுத்துவது ஒரு வழி. கேரளத்தின் கொல்லம் நீண்டகரையில் 2017-இல் தொடங்கிய ‘சுசித்வ சாகரம்’ திட்டத்தில், வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கை மீனவர்கள் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அது துருவலாக அரைக்கப்பட்டுச் சாலைக்குப் போனது. பிளாஸ்டிக் சாலைக்கு வழிகாட்டியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியில் துருவலைத் தூவினால், அது உருகிக் கல்லின் மேல் பூச்சாகப் படியும். அப்புறம்தான் தார் சேர்ப்பார்கள்.

பி.வி.சி. குழாய்த் துண்டுகளை மட்டும் சாலைக்குப் போகும் மூட்டையில் போடாதீர்கள். சூட்டில் அது நச்சு வாயுவை விடும்.