லைப்ரரி கார்டு இருந்தால் கட்டுரைக்குக் காசு கட்ட வேண்டாம்

படிப்புக்கோ உரிமத் தேர்வுக்கோ வேலைக்கோ எதையாவது தேடுகிறீர்கள். கூகுளில் சரியான கட்டுரை அகப்படுகிறது. திறந்தால் சுருக்கம் மட்டும் இருக்கிறது, மீதியைப் படிக்க கிரெடிட் கார்டு எண் கேட்கிறது. வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களில் பலர் இந்த இடத்தில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள், அல்லது விட்டுவிட்டுப் போகிறார்கள். அதே கட்டுரைக்கு நீங்கள் குடியிருக்கும் ஊரின் பொது நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கலாம். கூகுள் வழியாக வந்த உங்களை நூலக உறுப்பினர் என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான். நூலகத்தின் வாசல் வழியாக நுழைந்தால் பெரும்பாலும் அதே பக்கம் திறந்துவிடும்.

கார்டு எடுக்கும்போது

படம் போட்ட அடையாள அட்டை ஒன்று, முகவரிச் சான்று ஒன்று. வழக்கமாக இவ்வளவுதான் கேட்பார்கள். உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்களுக்குத்தான் முகவரிச் சான்று தலைவலி, ஏனென்றால் கரண்ட் பில் உங்கள் பெயரில் இருக்காது. வங்கியிலிருந்து அந்த முகவரிக்கு வந்த கடிதம், கல்லூரியோ வேலை கொடுத்தவரோ தந்த கடிதம் ஆகியவற்றைப் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். எதை ஏற்பார்கள் என்று நூலகத் தளத்தில் பார்த்துவிட்டுப் போனால் ஒரு நடை மிச்சம்.

ஆன்லைனில் பதிவு செய்தவுடன் ஒரு தற்காலிக எண் தருவார்கள். அதில் மின்னூல் திறக்கும், டேட்டாபேஸ், அதாவது நூலகம் சந்தா கட்டியிருக்கும் கட்டுரைத் தொகுப்பு, திறக்காமல் போகலாம். கவுன்டரில் சான்றுகளைக் காட்டி முழு உறுப்பினர் ஆன பிறகுதான் எல்லாம் திறக்கும் என்று பல நூலகங்கள் வைத்திருக்கின்றன.

நம் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. சில தளங்கள் கார்டு எண்ணோடு குடும்பப் பெயரையும் கேட்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, கவுன்டரில் இருப்பவர் அதைப் பார்த்து எதையோ குடும்பப் பெயராக அடித்திருப்பார். இனிஷியலை மட்டும் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. கார்டு வாங்கும்போதே ‘குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன பதிந்திருக்கிறீர்கள்’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கார்டு எண் என்பது பின்புறம் பார்கோடுக்குக் கீழே இருப்பது. வட அமெரிக்காவில் பெரும்பாலும் 14 இலக்கம் இருக்கும், 2-இல் தொடங்கும். படிக்க வசதியாக இடைவெளி விட்டு அச்சிட்டிருப்பார்கள். அடிக்கும்போது இடைவெளி இல்லாமல் ஒரே வரிசையாக அடிக்க வேண்டும். ‘தவறான எண்’ என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள், பிறகு கார்டு காலாவதியாகியிருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் அபராத பாக்கி இருந்தாலும் டேட்டாபேஸைப் பூட்டிவிடுவார்கள்.

ஊர் நூலகத்தோடு நின்றுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் வசிப்பவர் யாரும் தேசிய நூலகத்தின் கார்டை இலவசமாக எடுத்து, அதன் டேட்டாபேஸ்கள் பலவற்றை வீட்டிலிருந்தே திறக்கலாம். ஸ்காட்லாந்தில் வசிப்பவர்களுக்கு அங்குள்ள தேசிய நூலகமும் அப்படித்தான். நியூயார்க் மாநிலத்தில் எந்த ஊரில் இருந்தாலும் நியூயார்க் பொது நூலகத்தின் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். நீங்கள் இருக்கும் நாட்டில், மாநிலத்தில் இப்படி ஒரு பெரிய நூலகம் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். இரண்டு மூன்று கார்டுகள் வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

எந்த வாசல்

நூலகத் தளத்துக்குப் போய் ‘டேட்டாபேஸ்’, ‘ஆன்லைன் ரிசோர்சஸ்’, ‘ஏ டு இசட்’ என்று ஏதோ ஒரு பெயரில் இருக்கும் பட்டியலைத் திறங்கள். முகப்பில் இருக்கும் பெரிய தேடல் பெட்டி பெரும்பாலும் அலமாரியில் இருக்கும் புத்தகங்களுக்கான கேட்டலாக்தான். கட்டுரைகளை அங்கே தேடி ‘ஒன்றும் இல்லை’ என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம்.

பட்டியலில் ஒரு பெயரைச் சொடுக்கினால் கார்டு எண்ணும் பின் நம்பரும் கேட்கும். உள்ளே போனதும் முகவரிப் பட்டையைக் கொஞ்சம் கவனியுங்கள். பல நூலகங்களில் டேட்டாபேஸின் பெயரோடு நூலகத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் ‘ப்ராக்ஸி’ என்ற சொல் இருக்கும். நூலகத்தின் கணினி உங்களுக்காகப் போய்ப் பக்கத்தை வாங்கி வந்து தருகிறது என்பது இதற்குப் பொருள். அந்த ஒட்டு இல்லாமல் கட்டுரையைப் பூட்டிக் காட்டினால் வாசல் மாறி வந்துவிட்டீர்கள். திரும்பிப் போய் நூலகப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.

இதனால்தான் முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே நகலெடுத்துச் சேமித்தால் மறுநாள் திறப்பதில்லை. அந்த முகவரி அன்றைய நுழைவோடு செத்துவிடும். கட்டுரைப் பக்கத்தில் ‘பெர்மாலிங்க்’ என்றோ சங்கிலிப் படத்தோடோ ஒரு பொத்தான் இருக்கும், அதிலிருந்து எடுங்கள்.

எண்ணைச் சரியாகக் கொடுத்தும் திரும்பத் திரும்ப லாகின் பக்கமே வந்தால், பிரவுசர் குக்கீயைத் தடுத்திருக்கலாம். பிடிஎஃப் சொடுக்கியும் ஒன்றும் நடக்காவிட்டால் பாப்-அப் தடையைப் பாருங்கள். அலுவலக லேப்டாப்பில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். சிலவற்றை, குறிப்பாக வம்சாவளி தேடும் ஆன்செஸ்ட்ரி லைப்ரரி எடிஷனை, பொதுவாக நூலகக் கட்டடத்துக்குள் இருந்தால் மட்டுமே திறக்க முடியும். அது கோளாறு இல்லை, ஒப்பந்தமே அப்படி.

எப்ஸ்கோ, ப்ரோக்வெஸ்ட், கேல் என்பவை நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பல டேட்டாபேஸ்கள் இருக்கின்றன. ‘எப்ஸ்கோவில் தேடினேன், இல்லை’ என்று சொன்னால் எதில் தேடினீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. பல துறைகளுக்கும் பொதுவாக அகடமிக் சர்ச், அகடமிக் ஒன்ஃபைல் போன்றவை, நர்சிங்குக்கு சினால், வணிகத்துக்கு பிசினஸ் சோர்ஸ். மருத்துவத்துக்கான பப்மெட், கல்வித் துறைக்கான எரிக் இரண்டையும் தேட கார்டே வேண்டாம், எல்லோருக்கும் திறந்தவை. பல்கலைக்கழகத்தில் இருக்கும் எல்லாமே பொது நூலகத்தில் இருக்காது. ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் கிடைக்குமா என்று கேட்டால், அநேகமாகக் கிடைக்காது.

சொல்லைப் பிரித்துப் போடுவது

முழுக் கேள்வியை ஒரே வாக்கியமாக அடிப்பது கூகுள் பழக்கம். இங்கே அது பெரும்பாலும் எடுபடாது. ‘இரவு ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ்களுக்குத் தூக்கம் எப்படிக் கெடுகிறது’ என்பது உங்கள் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்று கருத்துகள் இருக்கின்றன: யார், எந்த வேலை நேரம், என்ன பாதிப்பு. ‘அட்வான்ஸ்டு சர்ச்’ போனால் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். ஒரு கருத்துக்கு ஒரு பெட்டி.

முதல் பெட்டி: நர்ஸ் ஆர் நர்சஸ் ஆர் நர்சிங்
இரண்டாம் பெட்டி: "நைட் ஷிஃப்ட்" ஆர் "ஷிஃப்ட் வொர்க்"
மூன்றாம் பெட்டி: ஸ்லீப் ஆர் ஃபட்டீக் ஆர் இன்சோம்னியா

அடிப்பது ஆங்கிலத்தில்தான். ஆர் (அல்லது), ஆண்ட் (மற்றும்), நாட் (தவிர) மூன்றையும் பெரிய எழுத்தில் அடியுங்கள். ஒரே பொருளுள்ள சொற்களுக்கு நடுவில் ஆர், பெட்டிகளுக்கு நடுவில் ஆண்ட். இரண்டு சொல் சேர்ந்தே வர வேண்டுமென்றால் மேற்கோள் குறி. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடிப்பதாக இருந்தால் ஆர் போட்ட ஒவ்வொரு கூட்டத்துக்கும் அடைப்புக்குறி கட்டாயம். அது இல்லாவிட்டால் டேட்டாபேஸ் ஆண்டையும் ஆரையும் தன் இஷ்டத்துக்குக் கோத்துக்கொள்ளும், நர்ஸே இல்லாத தூக்கக் கட்டுரைகள் குவியும். நாட் என்பதை முடிந்தவரை தொடாதீர்கள். வேண்டாத சொல் ஒரே ஒரு தடவை வந்ததற்காக நல்ல கட்டுரையையும் தூக்கி எறிந்துவிடும்.

சொல்லின் வேரை அடித்து நட்சத்திரக் குறி போட்டால் அதில் தொடங்கும் எல்லாச் சொற்களும் வரும். இமிக்ரன்ட், இமிக்ரேஷன் இரண்டுக்கும் முதல் 7 எழுத்து ஒன்றுதான், அதோடு * போட்டால் போதும். வேர் குட்டையாக இருந்தால் வம்பு. கார் என்று மூன்றெழுத்து அடித்து * போட்டால் கார்பன், கார்கோ, கார்பெட் எல்லாம் வந்து நிற்கும்.

நம்மில் பலர் படித்தது பிரிட்டிஷ் ஸ்பெல்லிங். லேபர் என்பதில் நாம் போடும் ‘யு’ அமெரிக்கக் கட்டுரையில் இருக்காது. பீடியாட்ரிக்ஸில் நாம் போடும் ‘ஏ’யும் இருக்காது. சில டேட்டாபேஸ்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், சில எடுத்துக்கொள்ளாது. இரண்டையும் ஆர் போட்டு அடித்துவிடுவது நல்லது.

உருப்படியான ஒரு கட்டுரை கிடைத்துவிட்டால் அதுவே வழிகாட்டி. அந்தப் பக்கத்தில் ‘சப்ஜெக்ட்’ என்ற தலைப்பின் கீழ் சில சொற்கள் இருக்கும். அந்தக் கட்டுரையை வகைப்படுத்த டேட்டாபேஸ் பயன்படுத்தும் சொற்கள் அவை. பப்மெட்டில் கேன்சருக்கு நியோபிளாசம்ஸ் என்று பெயர், ஹார்ட் அட்டாக்குக்கு மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன். அந்தச் சொல்லை எடுத்து ‘சப்ஜெக்ட்’ என்ற புலத்தில் தேடினால் குப்பை கணிசமாகக் குறையும். அரை மணி நேரம் சொல்லை மாற்றி மாற்றி அடிப்பதைவிட இது மேல்.

இடப்பக்க வடிகட்டிகளில் இரண்டைப் பற்றி எச்சரிக்கை. ‘ஃபுல் டெக்ஸ்ட்’ என்பதைத் தொடக்கத்திலேயே டிக் செய்யாதீர்கள். முழுக் கட்டுரை அந்த ஒரு டேட்டாபேஸில் இல்லை என்பதற்காக, வேறு இடத்தில் கிடைக்கக்கூடிய முக்கியமான கட்டுரை கண்ணிலேயே படாமல் போகும். ‘பியர் ரிவ்யூட்’, அதாவது துறை வல்லுநர்கள் சரிபார்த்தது என்ற டிக் பெரும்பாலும் இதழைத்தான் பார்க்கிறது, தனிக் கட்டுரையை இல்லை. அதே இதழில் வந்த தலையங்கமும் புத்தக மதிப்புரையும் அந்த டிக்கைத் தாண்டி வந்துவிடும். திறந்து பார்க்காமல் அசைன்மென்ட்டில் சேர்க்காதீர்கள்.

முழுக் கட்டுரை இல்லாவிட்டால்

புதிய இதழ்களை டேட்டாபேஸுக்குத் தர வெளியீட்டாளர்கள் சில மாதங்கள், சிலர் ஒரு வருடத்துக்கு மேலும் தாமதிப்பார்கள். ஆய்விதழ்களின் தொகுப்பான ஜேஸ்டோரில் பல இதழ்களுக்கு இந்த இடைவெளி 3 முதல் 5 ஆண்டு. நேற்று வந்த ஆய்வை அங்கே தேடிப் பயனில்லை.

கட்டுரையின் டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக உள்ள, 10 என்று தொடங்கும் அந்த நீண்ட அடையாள எண்ணை, முதலில் நகலெடுங்கள். அன்பேவால் என்ற இலவச பிரவுசர் நீட்சி, ஆசிரியரே சட்டப்படி வெளியிட்ட பிரதி எங்காவது இருந்தால் காட்டிக்கொடுக்கும். கூகுள் ஸ்காலரில் வலது ஓரத்தில் பிடிஎஃப் சுட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். எதிலும் இல்லையென்றால் நூலகத்தில் ‘இன்டர்லைப்ரரி லோன்’ படிவம் இருக்கும். கட்டுரைத் தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம், டிஓஐ எல்லாம் கொடுத்தால் வேறு நூலகத்திலிருந்து பிரதி வாங்கித் தருவார்கள். பல நாள் ஆகலாம், சில இடங்களில் கட்டணமும் உண்டு. அசைன்மென்ட் கெடுவுக்கு முதல் நாள் கேட்டால் உதவாது.

பழைய செய்தித்தாளும் தமிழ்ப் புத்தகமும்

பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து, எழுத்துகளைக் கணினியையே படிக்க விட்டிருப்பார்கள். மங்கிய அச்சில் அது தடுமாறும். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டியிருந்தால் எம் என்று படித்துவிடும். மாடர்ன் என்ற சொல் மோடம் ஆகிவிடும். அதனால் நீண்ட சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போடாமல் ஒன்றிரண்டு சொல்லும் தேதி எல்லையும் கொடுங்கள். அன்றைய பெயர்களை அடிக்கவும் மறக்காதீர்கள். 1972-க்கு முந்தைய செய்திகளில் இலங்கை ‘சிலோன்’தான். முதல் உலகப் போரை, அது நடந்தபோது பொதுவாக ‘முதல்’ என்று அழைக்கவில்லை. ‘கிரேட் வார்’ என்று தேட வேண்டும். ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் என்ற பழைய செய்தித்தாள் தளங்கள் இரண்டும் எந்த நாட்டிலிருந்தும் இலவசம்.

தமிழ்ப் புத்தகங்களை வெளிநாட்டு கேட்டலாகில் தேடுவது தனிக் கலை. பழைய பதிவுகள் பலவற்றில் தமிழ் எழுத்தே இருக்காது, ரோமன் எழுத்தில் மட்டும் இருக்கும். அதுவும் நாம் வாட்ஸாப்பில் அடிக்கிற மாதிரி இல்லை. ழகரத்துக்கு இசட்-எச் கிடையாது, எல் போட்டு அடிக்கோடு. தகரத்துக்கு எச் இல்லாத டி. சகரத்துக்கு சி. நெடிலுக்கு ஒரே உயிரெழுத்தின் மேல் கோடு. கோடுகளை விட்டுவிட்டு வெறும் எழுத்தை அடித்தால் போதும். ‘வாழ்க்கை’ வேண்டுமென்றால் வி-ஏ-எல்-கே-கே-ஏ-ஐ. ஒரு முறை தமிழ் எழுத்திலும் ஒரு முறை இப்படியும் தேடிப் பாருங்கள்.

எடுத்ததைத் தொலைக்காமல்

டேட்டாபேஸுக்குள் இரண்டு லாகின் இருப்பதுதான் பலரைக் குழப்புகிறது. நூலக கார்டு உங்களை உள்ளே விடும், அவ்வளவுதான். தேடலையும் கட்டுரைகளையும் சேமித்து வைக்க அந்த நிறுவனத்தில் தனிக் கணக்கு ஒன்று உங்கள் மின்னஞ்சலில் தொடங்க வேண்டும். அது இல்லாமல் ‘ஃபோல்டரில் சேர்’ என்று 20 கட்டுரையைச் சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது நேரம் முடிந்து எல்லாம் காலியாகியிருக்கும்.

எச்டிஎம்எல், பிடிஎஃப் இரண்டும் இருந்தால் பிடிஎஃப் எடுங்கள். எச்டிஎம்எல்லில் பல சமயம் அட்டவணையும் படமும் விடுபடும், பக்க எண்ணும் இருக்காது. மேற்கோள் காட்டும்போது பக்க எண் வேண்டும். மேற்கோள் குறிப்பைத் தயாரித்துக் கொடுக்கும் ‘சைட்’ பொத்தான் தரும் ஏபிஏ, எம்எல்ஏ என்ற மேற்கோள் வடிவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டாதீர்கள். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வரும், ஆசிரியரின் இனிஷியலும் பெயரும் இடம் மாறியிருக்கும். தமிழ்ப் பெயர்களில் இது சகஜம். கட்டுரைகள் நிறையச் சேரும் என்றால் ஜொட்டெரோ என்ற இலவச மென்பொருளுக்கு ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதி நூற்றுக்கணக்கில் பிடிஎஃப் இறக்க வேண்டாம். நிறுவனம் கண்டுபிடித்தால் உங்களை மட்டுமில்லை, நூலகத்தின் இணைப்பையே நிறுத்திவைக்கும்.

முட்டி நின்றால் நூலகரைக் கேளுங்கள். சாட், மின்னஞ்சல், நேரில் அரை மணி என்று ஏதாவது ஒரு வழி இருக்கும். இலக்கணப் பிழை இல்லாத ஆங்கிலத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், இது அவர்களின் அன்றாட வேலை. ‘ப்ரோக்வெஸ்ட் எப்படிப் போவது’ என்று கேட்டால் அதற்கு மட்டும் பதில் வரும். உங்கள் கேள்வி என்ன, எதற்காக, எந்தச் சொற்களை எங்கே அடித்தீர்கள், என்ன வந்தது என்று நான்கு வரி எழுதுங்கள். சாட் பெட்டியை மூடுமுன் உரையாடலை மின்னஞ்சலுக்கு அனுப்பும் பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். நூலகர் அடித்துக் காட்டிய தேடல் வரிகள் அதில் அப்படியே இருக்கும்.