கல் பொறுக்கப் போகிறவர்களுக்கு: பெயர் அப்புறம், சீட்டு முதலில்

முதல் தடவை சேலம் சுற்றுவட்டாரத்தில் கல் பொறுக்கப் போனபோது ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுவந்தேன். வீட்டுக்கு வந்து தரையில் பரப்பிப் பார்த்தால் எது ஏற்காட்டு அடிவாரம், எது கஞ்சமலைப் பக்கம் என்று ஒன்றும் புரியவில்லை. பதினேழு கல்லில் பதினாறு தொட்டிச்செடிக்குப் போயிற்று. மிச்சம் ஒன்று இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அதனால் சுத்தியல் வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன நோட்டும் பழைய செய்தித்தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லை எடுத்த இடத்திலேயே, அடுத்த கல்லைப் பார்ப்பதற்கு முன், ஒரு துண்டுச்சீட்டில் எண்ணை எழுதி அதோடு சேர்த்துச் செய்தித்தாளில் சுருட்டிவிட வேண்டும். நோட்டில் அதே எண், தேதி, போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, அப்புறம் மிக முக்கியமாக அந்தக் கல் பாறையோடு ஒட்டியிருந்ததா, சும்மா உருண்டு கிடந்ததா என்று ஒரு வரி. ரோட்டோரம் கிடப்பதெல்லாம் அந்த ஊர்க் கல் இல்லை, பாதி லாரியில் வந்த ஜல்லி. தண்டவாளத்து ஓரத்துக் கல்லும் அப்படித்தான். வீட்டுக்கு வந்ததும் கல்லைக் கழுவிக் காயவைத்து, ஒரு மூலையில் எழுத்துத்திருத்தும் வெள்ளை மையால் பொட்டு வைத்து, மேலே எண்ணை எழுதி, நிறமில்லாத நகப்பூச்சை ஒரு கோட் அடித்தால் வருஷக்கணக்கில் அழியாது.

எங்கே எடுக்கக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டில் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. ஏற்காட்டு மலைச்சாலையில் வெட்டிய சரிவுகள் பார்க்க அருமையாக இருக்கும், பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். திருவக்கரை கல்மரங்கள் மாதிரிப் பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் அதே கதைதான். கடற்கரையில் செந்நிறமாகவோ கருப்பாகவோ தெரியும் தாது மணலை அள்ளாதீர்கள், அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கல்குவாரிக்குள் அனுமதி இல்லாமல் போவது சட்டத்துக்காக மட்டுமில்லை, உயிருக்காகவும் வேண்டாம். பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "கல்லா? எடுத்துட்டுப் போங்க, எனக்கும் ஏர் ஓட்ட லேசா இருக்கும்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

சாமான் அதிகம் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு பேனாக்கத்தி, கயிற்றில் கட்டிய சின்னக் காந்தம், வழவழப்பு இல்லாத பின்பக்கத்தோடு ஒரு டைல்ஸ் துண்டு, சின்னப் பாட்டிலில் வெள்ளை வினிகர், தண்ணீர். ஆணி அடிக்கும் சுத்தியலால் பாறையை அடித்தால் அதன் முனையே தெறித்துக் கண்ணில் பாயலாம், கல் உடைப்பதற்கென்றே இருக்கிற சுத்தியல்தான் சரி, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஒரு அடிகூட அடிக்காதீர்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு கல்லைக் கிட்டே கொண்டுவர வேண்டும், சினிமாவில் வருவதுபோல் கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. கிடக்கும் கல்லைப் புரட்டும்போது எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கித் தூக்குங்கள். அடியில் தேளோ பாம்போ இருந்தால் அந்தப் பக்கமாகப் போகும், நடுவில் கல் தடுப்பாக நிற்கும்.

சரி, கல் கையில் இருக்கிறது. வெளித்தோலைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வெயிலும் மழையும் பட்டு எல்லாக் கல்லுக்கும் ஒரே பழுப்புச் சட்டை வந்துவிடும். ஒரு மூலையைத் தட்டிப் புது முகத்தை நனைத்து லென்ஸில் பாருங்கள். நம் பக்கப் பாறைகளில் மூன்று பேரை அடையாளம் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. உடைந்த பாட்டில் மாதிரி ஒழுங்கில்லாமல் உடைந்து பளபளப்பது குவார்ட்ஸ், ஊரில் வெங்கச்சங்கல் என்பார்களே அது. கல்லை மெல்லத் திருப்பும்போது தட்டையான முகம் ஒன்று பளிச்சென்று மின்னி அணைந்தால் ஃபெல்ஸ்பார். நகத்தால் கிளறினால் ஏடு ஏடாக உரிவது காக்காப்பொன். மூன்றும் கலந்து கிடந்தால் கிரானைட், பட்டை பட்டையாக வரி ஓடினால் நைஸ். பெயர்தான் நைஸ், ஆள் கொரகொர.

சேலத்தில் புதிதாகப் போகிறவர்களைக் குழப்புவது வெள்ளைக் கல். ஒரே நடையில் மூன்று வகை கிடைக்கும், மூன்றும் தூரத்தில் ஒன்றுபோலவே இருக்கும். கத்தியால் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்த மாதிரித் தெரிந்தால் உடனே சந்தோஷப்படாமல் ஈர விரலால் துடையுங்கள். துடைத்ததும் போய்விட்டால் அது கத்தியின் இரும்பு கல்லில் ஒட்டிய தடம், கல் கத்தியைவிடக் கடினம், அதாவது வெங்கச்சங்கல். கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை சொல்லும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, கத்தி சுமார் 5.5. துடைத்த பிறகும் பள்ளம் இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. கீறிய தூள்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டு லென்ஸில் பாருங்கள். குட்டிக் குட்டிக் குமிழியாக நுரைத்தால் சுண்ணாம்பு வகை, வயலில் கிடக்கும் சுக்காங்கல் இப்படித்தான் நுரைக்கும். தூள் அசையாமல் அப்படியே கிடந்தால், உடைந்த முகம் பீங்கான் மாதிரி இருந்தால், அது மேக்னசைட், ஊர்க்காரர்கள் சொல்லும் வெள்ளைக்கல். வெள்ளைக்காரர்கள் அது கிடைக்கும் சேலத்துக் கரடுகளுக்குச் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள், ஆனால் அங்கே இருப்பது சாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. சுரங்க நிலத்துக்குள் நுழையத் தேவையில்லை, வெளியே சிதறிக் கிடப்பதே போதும்.

கருப்புக் கல்லுக்குக் காந்தம்தான் முதல் சோதனை. கஞ்சமலை அடிவாரத்தில் கருப்பும் வெளுப்புமாக மெல்லிய வரி ஓடும் கனமான கல் உருண்டு கிடக்கும். கயிற்றில் தொங்கும் காந்தத்தை அதன் பக்கம் கொண்டுபோனால், கருப்பு வரிக்கு நேராக வரும்போது சட்டென்று இழுத்துக்கொள்ளும். மேக்னடைட் குவார்ட்சைட், இரும்புத் தாது. டைல்ஸ் பின்பக்கத்தில் உரசினால் கருப்புக் கோடு விழும். காந்தம் சரியாக ஒட்டாமல் கோடு செம்பழுப்பாக விழுந்தால் அது ஹெமடைட், இன்னொரு இரும்புத் தாது.

கருப்பு, கனம், காந்தம் ஒட்டுகிறது, உடனே விண்கல் என்று போன் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு தடவை பண்ணியிருக்கிறேன். உள்ளே குமிழிக் குமிழியாக ஓட்டை இருந்தால் பெரும்பாலும் பழைய இரும்பு உருக்கிய கசடு, விண்கல்லில் அப்படி ஓட்டை மிக அபூர்வம்.

சார்னோக்கைட் என்கிற பாறைக்கு மட்டும் கண் கொஞ்சம் பழக வேண்டும். வெளியே துருப்பிடித்த பழுப்பு, உடைத்தால் நீலச் சாம்பலோ கரும்பச்சையோ, மேலே எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுக்கம். குவார்ட்ஸே நீலம் பாய்ந்துதான் இருக்கும். ஏற்காடு மலையும் சென்னையில் பல்லாவரம், பரங்கிமலையும் இந்தக் கல்தான். 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் இதற்குப் பெயர் வைத்தது ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்குக் கல்கத்தாவில் இருக்கும் கல்லறைக் கல்லை வைத்து. அந்தக் கல்லே சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான். நம் ஊர்க் கல்லுக்கு எவனோ ஒருவனின் சமாதிப் பெயர், என்ன செய்ய.

போனில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகளை நம்பி ஏமாறாதீர்கள், படத்துக்குக் கனமும் தெரியாது, கடினமும் தெரியாது. அதைவிட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் நீங்கள் நின்ற இடத்தின் பாறை வரைபடத்தைத் திறந்தால், அங்கே எது இருக்க வாய்ப்பு, எது இல்லை என்று பாதி சந்தேகம் தீரும், இதற்குத்தான் அந்த அட்சரேகை எல்லாம். அப்படியும் பிடிபடாத கல்லுக்கு ஊகமாக ஒரு பெயரை எழுதாதீர்கள். "கரும்பச்சை, கனம், கத்தி கீறவில்லை, காந்தம் இல்லை" என்று பார்த்ததை மட்டும் சீட்டில் எழுதி, கல்லை இரண்டாக உடைத்து ஒரு பாதியை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாதியைப் புவியியல் துறை இருக்கும் பக்கத்துக் கல்லூரிக்கு எடுத்துப் போனால் பேராசிரியர்கள் ஆர்வமாகத்தான் பார்ப்பார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எங்க எடுத்தீங்க?" என்பதாகத்தான் இருக்கும்.