தாத்தா பாட்டிக்கு மாலை நேர வினாடி வினா

செங்கோட்டை, புளியரைப் பக்கம் வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா? மாலைக் காப்பி முடிந்ததும் நாலைந்து கேள்வி கேட்டுப் பாருங்கள். "செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது எந்த வருஷம்?" (1956) "வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது எந்த ரயில் நிலையத்தில்?" (மணியாச்சி) "புனலூர் தொங்குபாலம் எந்த ஆற்றின் மேல்?" (கல்லடையாறு)

விடையைச் சட்டென்று சொல்லிவிடாதீர்கள். நினைவிலிருந்து தேடி எடுக்கும் முயற்சிதான் பயிற்சியே. தடுமாறினால் முதல் எழுத்தை மட்டும் சொல்லிக் கொஞ்சம் காத்திருங்கள். பேரப்பிள்ளைகள் பரீட்சை வைப்பது போலக் கேட்டால் பெரியவர்கள் மனம் சுருங்கிவிடும். அவர்களும் பதிலுக்குக் கேள்வி கேட்கட்டும்.

அப்புறம், தெரிந்ததையே கேட்டுக்கொண்டிருந்தால் போதாது. தினம் ஒரு புதுத் தகவல் சொல்லி, மறுநாளும் நாலு நாள் கழித்தும் அதைக் கேளுங்கள். காது மந்தமானவர்களிடம் டிவியை அணைத்துவிட்டு முகம் பார்த்துப் பேசுங்கள்.

இது மறதி நோய்க்கு மருந்தல்ல. பழகிய தெருவிலேயே வழி தவறுவது, கணக்கு வழக்கில் புதிதாகக் குழம்புவது என்றிருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.